சுங்கம் தவிர்த்த சோழன்: எல்லை காத்த ஒரு பேரரசரின் வாழ்வு



எல்லை என்பது நமக்கு அன்றாடம் பழகிய சொல். வயலுக்கு வரப்பு எல்லை. வீட்டுக்குச் சுற்றுச்சுவர் எல்லை. பங்குக்கும் கிளைப்பங்குக்கும் கூட எல்லை உண்டு. ஆழ்வார்குறிச்சிப் பகுதியில் வாழும் நமக்கு மேற்கே நிமிர்ந்து பார்த்தாலே ஓர் எல்லை தெரிகிறது. மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் கேரளம், இந்தப் பக்கம் தமிழகம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது, அதுவரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த நாம் தென்காசி மாவட்டத்தினர் ஆனோம். கடனாநதி மட்டும் எந்த எல்லையையும் கேளாமல், திருப்புடைமருதூர் வரை ஓடித் தாமிரபரணியில் கலக்கிறது.

எல்லையை வரைவது எளிது. அதை வைத்துக் காப்பது கடினம். குடும்பத்திலும் ஊரிலும் நாம் இதைக் காண்கிறோம். ஒரு பேரரசுக்கு இது எவ்வளவு பெரிய சுமையாக இருந்திருக்கும்! 11ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அந்தச் சுமையைத் தோளில் ஏற்று ஏறக்குறைய 50 ஆண்டுகள் சுமந்த ஓர் அரசரின் வாழ்வை இங்கே சிந்திப்போம். அவர் முதலாம் குலோத்துங்க சோழர். அவர் கிறிஸ்தவர் அல்லர், புனிதரும் அல்லர். அவருடைய வாழ்வில் நாம் பின்பற்ற வேண்டியதும் உண்டு, அஞ்சி விலக வேண்டியதும் உண்டு.

பெரிய நாடு, பெரிய பாரம்

முதலில் உரோமை வரலாற்றிலிருந்து ஒரு செய்தி. திராயான் என்னும் பேரரசர் கி.பி. 117இல் இறந்தபோது உரோமைப் பேரரசு என்றுமில்லாத அளவுக்கு விரிந்திருந்தது. அவருக்குப் பின் வந்த அதிரியான் அரியணை ஏறியதும் ஒரு வியப்பான காரியம் செய்தார். யூப்பிரத்தீசு ஆற்றுக்கு அப்பால் திராயான் பிடித்த நாடுகளைக் கைவிட்டார். இருப்பதை உறுதிப்படுத்தினால் போதும் என்று முடிவெடுத்தார். பிரித்தானியாவில் 122ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய மதிற்சுவர் ஏறத்தாழ 117 கிலோமீட்டர் நீளமுடையது. தம் ஆட்சிக்காலத்தில் ஏறக்குறைய பாதியை எல்லைப்புற நாடுகளைச் சுற்றிப் பார்ப்பதிலேயே செலவிட்டார். விரித்தவர் திராயான், காத்தவர் அதிரியான்.

சோழ நாட்டிலும் இதே நிலை வந்தது. முதலாம் இராசராசரும் அவர் மகன் முதலாம் இராசேந்திரரும் நாட்டை விரித்தார்கள். இலங்கையின் வடபகுதி, பாண்டிய நாடு, சேர நாடு, கங்க நாடு, வேங்கி எனப் பரந்து விரிந்தது அந்த ஆட்சி. நம் தாமிரபரணிக் கரையிலும் அதன் சுவடுகள் உண்டு. இராசேந்திரர் தம் மகனைச் சோழபாண்டியன் என்னும் பட்டத்தோடு பாண்டிய நாட்டின் ஆளுநராக மதுரையில் அமர்த்தினார். அம்பாசமுத்திரத்தை அடுத்த மன்னார்கோவிலில் உள்ள பெருமாள் கோவிலைக் கட்டியவர் இராசசிங்கன் என்னும் சேர மன்னர். ஆனால் அதற்கு இட்ட பெயர் இராசேந்திர சோழ விண்ணகரம். சேரன்மகாதேவிக்கு நிகரிலிச் சோழச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயர் வழங்கியது. சேரர் கட்டிய கோவிலுக்கும் பாண்டிய நாட்டு ஊருக்கும் சோழர் பெயர்! வென்றவர் பெயரை ஊருக்கு இட்டுவிடலாம். ஊர் மக்களின் மனத்தில் அதைப் பதிப்பது வேறு காரியம். பாண்டியர்கள் மீண்டும் மீண்டும் கிளர்ந்தெழுந்தார்கள். இந்தப் பாரத்தைத்தான் குலோத்துங்கர் பெற்றுக்கொண்டார்.

இரு குலங்களின் பிள்ளை

குலோத்துங்கர் பிறப்பால் நேரடிச் சோழர் அல்லர். அவருடைய தந்தை வேங்கி நாட்டை ஆண்ட கீழைச் சாளுக்கிய மன்னர் இராசராச நரேந்திரர். கிருஷ்ணை, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியே வேங்கி. தாய் அம்மங்கை தேவி, முதலாம் இராசேந்திரரின் மகள். தந்தைவழிப் பாட்டி குந்தவையும் முதலாம் இராசராசரின் மகள்தான். தாத்தாவின் பெயரையே பேரனுக்கு இட்டு இராசேந்திரன் என்று அழைத்தார்கள். வளர்ந்தபின் இரண்டாம் இராசேந்திரரின் மகள் மதுராந்தகியை மணந்தார்.

இளமை அவருக்கு எளிதாக அமையவில்லை. 1061ஆம் ஆண்டளவில் தந்தை இறந்தபின் வேங்கி அரியணை அவருக்குக் கிடைக்கவில்லை; சிற்றப்பா விசயாதித்தர் அதைப் பற்றிக்கொண்டார். உரிமை இழந்த அந்த இளைஞர் வடக்கே இன்றைய பஸ்தர் பகுதியான சக்கரக்கோட்டத்தில் போரிட்டுப் பெயர் பெற்றார்.

1070ஆம் ஆண்டு வீரராசேந்திர சோழர் மறைந்தார். அவர் மகன் அதிராசேந்திரர் அரியணையேறிச் சிறிது காலத்திலேயே இறந்தார். நாட்டில் குழப்பம் மூண்டது. நேரடி வாரிசு இல்லாத அந்த வேளையில்தான் மகள்வழிப் பேரனாகிய இவர் முடிசூடினார். குலத்தை உயர்த்துபவர் என்னும் பொருளுடைய குலோத்துங்கர் என்ற பெயர் பின்னர் அவருக்கு நிலைத்தது. சாளுக்கியர், சோழர் என எல்லைக்கு இரு புறமும் நின்று போரிட்ட இரு குலங்கள் அவர் ஒருவரின் உடலில் ஒன்றாயின. எல்லைக்கு அப்பால் இருப்பவரும் உறவினரே என்பதை அவர் பிறப்பே அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும்.

விட்டுக்கொடுத்த தெற்கு

அவர் முடிசூடிய வேளையில் நாற்புறமும் நெருப்பு. இலங்கையில் 993ஆம் ஆண்டு முதல் நிலவிய சோழர் ஆட்சியை எதிர்த்து, உருகுணைப் பகுதியிலிருந்து எழுந்த விசயபாகு என்னும் சிங்கள மன்னர் 1070ஆம் ஆண்டளவில் பொலன்னறுவையைக் கைப்பற்றினார். மேற்கே சாளுக்கிய மன்னர் ஆறாம் விக்கிரமாதித்தர், இறந்துபோன அதிராசேந்திரரின் மைத்துனர். குலோத்துங்கர் அரியணை ஏறியதை அவர் ஏற்கவில்லை. பாண்டிய நாட்டில் சிற்றரசர்கள் தலைதூக்கினார்கள்.

எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் படை அனுப்பினால் எதுவும் மிஞ்சாது. குலோத்துங்கர் முதலில் மேற்கு எல்லையைக் கவனித்தார். 1076ஆம் ஆண்டளவில் நடந்த போர்களில் சாளுக்கியப் படை துங்கபத்திரை நோக்கிப் பின்வாங்கியதாகச் சோழர் கல்வெட்டுகள் கூறுகின்றன. அதன்பின் நெடுங்காலம் அந்த எல்லை பெருமளவு அமைதியாக இருந்தது.

இலங்கையை அவர் மீட்க முயன்று படையைக் கரைக்கவில்லை. தாத்தா வென்ற நாடு, கொள்ளுத் தாத்தா காலத்திலிருந்து கையில் இருந்த நாடு. அதை விட்டவர் என்ற பழிச்சொல் வரும் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் விட்டார். ஆயினும் இந்த இடத்தில் அவர் ஆட்சியின் ஒரு கறையையும் சொல்லியாக வேண்டும். விசயபாகு கன்னட நாட்டுக்குப் பரிசுகளோடு அனுப்பிய தூதர்களைச் சோழர்கள் வழியில் மறித்து, மூக்கையும் காதையும் அறுத்து அனுப்பினார்கள் என்று இலங்கையின் சூளவம்சம் என்னும் நூல் கூறுகிறது. வெகுண்ட விசயபாகு போருக்கு எழுந்தார். ஆனால் அவருடைய படையிலிருந்த வேளைக்காரப் படையினரே போருக்குப் போக மறுத்துக் கலகம் செய்தார்கள். பின்னர் அவர் படையோடு கடற்கரையில் வந்து காத்திருந்தும் சோழர் படை வரவில்லை. காலப்போக்கில் பகை தணிந்தது. குலோத்துங்கரின் மகள் சுத்தமல்லி பாண்டிய குலத்து இளவரசர் ஒருவரின் மனைவியாக இலங்கையில் வாழ்ந்ததையும், அங்குள்ள சிவன் கோவிலுக்கு விளக்குக் கொடை அளித்ததையும் இலங்கைக் கல்வெட்டு ஒன்று காட்டுகிறது. படை போய்ப் பிடித்துவைக்க முடியாத மண்ணில் ஒரு பெண் ஏற்றிய விளக்கு எரிந்தது.

பொதிகை முதல் கோட்டாறு வரை

பாண்டிய நாட்டுக் கதை நம்முடைய சொந்தக் கதை. ஐந்து பாண்டியர்கள் சேர்ந்து எதிர்த்தபோது குலோத்துங்கர் பெரும்படையோடு தெற்கே வந்தார். அவர்கள் தோற்றுக் காட்டுக்குள் ஓடினார்கள். முத்துக் குளிக்கும் கடற்கரையும், நம் பொதிகை மலையும், கன்னியாகுமரியும் அவர் வசமாயின என்று அவருடைய கல்வெட்டுகள் பெருமையோடு சொல்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிச் சென்ற படை கோட்டாற்றைத் தீக்கிரையாக்கியது. மலைநாட்டில், தம் தலைவனுக்காக உயிரைக் கொடுப்பதாக உறுதி பூண்ட சாவேறு என்னும் வீரர்கள் கூட்டமாக மடிந்தார்கள். கல்வெட்டு இதை வெற்றியாகப் பதிவு செய்கிறது. அந்த வீரர்களின் தாய்மார் அதை என்னவென்று சொல்லியிருப்பார்கள் என்பதை எந்தக் கல்லும் பதிவு செய்யவில்லை. நாம் வரலாறு படிக்கும்போது இதை மறக்கலாகாது.

வென்றபின் அவர் செய்ததுதான் புதுமையானது. தாத்தாவைப் போலத் தம் மகன் ஒருவரைச் சோழபாண்டியன் என்று பட்டம் கட்டி மதுரைக்கு அனுப்பவில்லை. பாண்டிய நாட்டின் உள்நிருவாகத்தில் பெரிதாகத் தலையிடவில்லை. பாண்டிய குலத்தவரே தம் மக்களைத் தொடர்ந்து ஆண்டார்கள். சோழப் பேரரசின் தலைமையை ஏற்றுத் திறை செலுத்தினால் போதும் என்று விட்டார். அதே வேளையில் முக்கியமான பெருவழிகள் தோறும் நிலைப்படைகளை நிறுத்தினார். நிலைப்படை என்பது போர் முடிந்ததும் ஊர் திரும்பாமல் ஓரிடத்திலேயே தங்கிக் காவல் புரியும் படை. அவற்றுள் ஒன்று கோட்டாற்றில் இருந்தது. சேர நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் இடைப்பட்ட கணவாய் வழியைக் காக்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஊர்களை ஆள்வது ஊர்க்காரர் பொறுப்பு. வழிகளைக் காப்பது பேரரசின் பொறுப்பு. இந்தப் பிரிவினை நெடுங்காலம் பலன் தந்தது. பிற்பாடு வடக்கே கலிங்கப் பகுதியில் நடந்த போரில் சோழர் பக்கம் நின்று வாளேந்தியவர்களுள் பராந்தக பாண்டியர் என்பவரும் ஒருவர். எதிர்த்த குலமே துணைக்கு வந்தது.

பெற்றோரை விட்டுப் பிரிய மனமில்லாத மகன்

வடக்கு எல்லையான வேங்கி அவருடைய சொந்தத் தந்தை நாடு. அங்கு ஆண்ட சிற்றப்பாவைப் பழிவாங்கத் துரத்தாமல், அவர் இறக்கும்வரை ஆள விட்டார். 1076ஆம் ஆண்டளவில் அவர் இறந்தபின் தம் மகன்களை ஒருவர் பின் ஒருவராக அங்கு ஆளுநர்களாக அனுப்பினார்.

முதலில் போனவர் இராசராச மும்முடிச் சோழர். ஓராண்டு ஆண்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அரசாளும் இன்பம் பெற்றோரின் அருகில் இருந்து பணிவிடை செய்யும் இன்பத்துக்கு ஈடாகாது என்று அவர் எண்ணியதாக, அவருடைய தம்பி வீரசோழர் வெளியிட்ட செப்பேடுகள் கூறுகின்றன. அரியணைக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொண்ட காலத்தில் இப்படியும் ஒரு மகன்! அவருக்குப்பின் வீரசோழர் போனார், சோழகங்கர் போனார், பின்னர் விக்கிரம சோழர் போய் 1118 வரை அங்கே பொறுப்பேற்றிருந்தார். எல்லைப்புறத்தை ஆளும் பயிற்சியே மகன்களுக்கு அரசியல் பள்ளியாக அமைந்தது.

கலிங்கத்தில் மட்டும் இரத்தம் ஆறாக ஓடியது. 1096ஆம் ஆண்டளவில் ஒருமுறையும், 1110ஆம் ஆண்டளவில் மற்றொரு முறையும் சோழர் படை அங்கே சென்றது. இரண்டாம் படையெடுப்புக்குத் தலைமை தாங்கியவர் கருணாகரத் தொண்டைமான். இந்தப் போரைப் பாடியதுதான் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. கலிங்க மன்னர் அனந்தவர்மர் திறை செலுத்தத் தவறியதே போருக்குக் காரணம் என்று அந்நூல் சொல்கிறது. அந்த அனந்தவர்மரின் தாயும் ஒரு சோழ இளவரசி என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. தமிழ் இலக்கியத்துக்கு அது பெருமை சேர்த்த நூல்தான். ஆனால் சேராமல் நின்ற திறைக்காக எத்தனை வீடுகள் விளக்கின்றிப் போயின!

கடல் என்னும் எல்லை

குலோத்துங்கரின் இன்னோர் எல்லை கடல். அவருடைய தாத்தா 1025ஆம் ஆண்டளவில் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் தாக்கினார். பேரன் அதே திசைக்கு வணிகத்தை அனுப்பினார். 1077ஆம் ஆண்டு 72 பேர் அடங்கிய சோழத் தூதுக்குழு ஒன்று சீனப் பேரரசரின் அவைக்குச் சென்றது. அவர்கள் கொண்டுபோன பொருள்களுக்கு ஈடாக 81,800 சரம் செப்புக்காசுகள் பெற்றார்கள் என்று சீனக் குறிப்புகள் கூறுகின்றன. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சுமத்திரா தீவின் பாருசு பகுதியில் கிடைத்துள்ளது. அங்கே தங்கி வணிகம் செய்த தமிழ் வணிகக் குழுவினர் அதை வெட்டி வைத்தார்கள். விசாகப்பட்டினத்துக்குக் குலோத்துங்க சோழப்பட்டினம் என்ற பெயரும் அக்காலத்தில் வழங்கியது.

வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் போகும் நம்மில் பலர் நாகப்பட்டினத்தைக் கடந்தே போகிறோம். அந்த நாகையில் கடார மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளி இருந்தது. 1090ஆம் ஆண்டு கடாரத்திலிருந்து இரண்டு தூதர்கள் வந்து வேண்டிக்கொண்டதன் பேரில், அந்தப் பள்ளிக்கு உரிய ஊர்களுக்குக் குலோத்துங்கர் வரிவிலக்கு அளித்துச் செப்பேடு வழங்கினார். சைவரான ஓர் அரசர், தம் தாத்தா படையெடுத்த நாட்டவரின் பௌத்தக் கோவிலுக்கு வரியை நீக்குகிறார். கடல் எல்லையைக் காக்க இதைவிட வலிமையான கோட்டை வேறு எது?

சுங்கம் தவிர்த்தவர்

இனி, அவருக்கு நிலைத்த பட்டப்பெயருக்கு வருவோம். தமிழ் மக்கள் அவரைக் கலிங்கம் வென்றவர் என்பதைவிடச் சுங்கம் தவிர்த்தவர் என்றே நினைவில் வைத்தார்கள். சுங்கம் என்பது வணிகப் பொருள்கள் மீது வழியிலும் துறையிலும் விதிக்கப்பட்ட வரி. மாட்டு வண்டியில் உப்போ நெல்லோ ஏற்றிப் போகிறவர் ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி அவிழ்த்துக் காட்டிக் காசு கொடுத்துப் போக வேண்டும் என்றால், ஊர்போய்ச் சேரும்போது அவருக்கு என்ன மிஞ்சும்? அந்தச் சுங்கத்தை அவர் நீக்கினார். தஞ்சைக்கு அருகே உள்ள கருந்திட்டைக்குடிக்குச் சுங்கம் தவிர்த்த சோழநல்லூர் என்றே பெயர் வழங்கியது.

வருவாயை விட்டுவிட்டு நாட்டை எப்படி நடத்தினார்? 1086ஆம் ஆண்டு நிலங்களை முறையாக அளக்கச் செய்தார். இங்கிலாந்தில் வில்லியம் என்னும் அரசர் தம் நாட்டு நிலங்களைக் கணக்கெடுக்கச் செய்து புகழ்பெற்ற பதிவேட்டை உருவாக்கியதும் அதே 1086ஆம் ஆண்டுதான். யாரிடம் எவ்வளவு நிலம் உண்டு என்று சரியாகத் தெரிந்தால், இல்லாதவரிடம் பிடுங்க வேண்டியதில்லை. கணக்குச் சரியாக இருக்கும் இடத்தில் கருணைக்கும் இடம் கிடைக்கும்.

திருவிவிலியத்தில் இதற்கு எதிர்மாறான ஒரு கதை உண்டு. சாலமோன் இறந்தபின் மக்கள் அவர் மகன் ரெகபெயாமிடம் வந்து, தந்தை சுமத்திய நுகத்தை இலகுவாக்குமாறு கேட்டார்கள். முதியோர் சொன்ன அறிவுரையைத் தள்ளிவிட்டு, இன்னும் பாரமாக்குவேன் என்று அவர் மறுமொழி கூறினார். பத்துக் குலங்கள் பிரிந்துபோயின. அதன்பின் அந்த அரசு ஒன்று சேரவே இல்லை. வெளியே இருந்து எந்தப் பகைவரும் வந்து அந்த எல்லையை உடைக்கவில்லை. உள்ளேயிருந்த பாரமே அதை உடைத்தது.

முதுமையில் வந்த இழப்பு

குலோத்துங்கரின் கடைசி ஆண்டுகள் வருத்தத்துக்குரியவை. 1116ஆம் ஆண்டளவில் போசள மன்னர் விட்டுணுவர்த்தனர் கங்கபாடியின் தலைநகரான தலைக்காட்டைக் கைப்பற்றினார். 1118இல் விக்கிரம சோழர் தந்தைக்குத் துணையாகத் தெற்கே வந்ததும் வேங்கியும் சாளுக்கியர் கைக்குப் போனது. தம் தந்தையின் நாட்டையே முதுமையில் இழந்தார். ஆயினும் தமிழ் நாடு சிதறவில்லை. அவருக்குப் பின்னும் சோழ அரசு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. ஓரங்கள் தேய்ந்தபோதும் நடு உறுதியாக இருந்தது. ஏனெனில் உள்ளே இருந்த மக்களுக்கு அந்த ஆட்சி தாங்கக்கூடியதாக இருந்தது.

நம் எல்லைகள்

இறைமக்களே, இந்த அரசரின் வாழ்வு நமக்குச் சொல்வது என்ன? எல்லையைப் படை ஓரளவு காக்கும். அதற்கு உள்ளே இருப்பவரின் பாரம் குறைந்தால்தான் அந்த எல்லை நிலைக்கும். நம் வீடுகளுக்கும் நம் பங்குகளுக்கும் இது பொருந்துகிறது.

வரப்புத் தகராறு எத்தனை குடும்பங்களைப் பிரித்திருக்கிறது! ஒரு சாண் நிலத்துக்காக அண்ணன் தம்பி பத்தாண்டு வழக்காடி, நிலத்தின் விலைக்கு மேல் செலவழித்து, கடைசியில் தாயின் அடக்கத்தில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்பதைக் காண்கிறோம். ஆபிராம் அப்படிச் செய்யவில்லை. மேய்ப்பர்களுக்குள் சண்டை வந்தபோது, மூத்தவராகிய அவர் இளையவரான லோத்திடம், எந்தப் பக்கம் வேண்டுமோ எடுத்துக்கொள் என்று விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்தவருக்கே ஆண்டவர் நாடு முழுவதையும் வாக்களித்தார். பேரரசர் ஒருவர் ஒரு தீவையே விட முடிந்தது. நம்மால் ஒரு சாணை விட முடியாதா?

பங்கிலும் நாம் சுங்கச்சாவடிகளை வைத்திருக்கிறோம். கோவில் வரி தேவைதான். விளக்கெரிய வேண்டும், கூரை ஒழுகாமல் பார்க்க வேண்டும், திருவிழா நடக்க வேண்டும். ஆனால் பீடி சுற்றியும் செங்கல் சூளையில் வேலை செய்தும் பிழைக்கும் ஒரு வீட்டில் சாவு விழுந்த அன்று, மணியடிப்பதற்கு முன் வரிப்பாக்கி நோட்டைப் புரட்டுகிற வழக்கம் சில ஊர்களில் உண்டு. பாக்கியைக் காட்டித் திருமண ஓலையை நிறுத்துகிற வழக்கமும் உண்டு. அழுகிறவர்கள் முன்னே சாவடி போட்டு நிற்பது கிறிஸ்துவின் சபைக்கு அழகா? ஊர்ப் பெரியவர்களும் அருள்பணியாளர்களும் சேர்ந்து அமர்ந்து, நேர்மையாகக் கணக்குப் பார்த்து, யாரால் முடியும் யாரால் முடியாது என்று அறிந்து முடிவெடுக்கலாம். வசதியுள்ள நான்கு வீட்டார் மனது வைத்தால் இல்லாத ஒரு வீட்டின் பாக்கி எங்கே போகும் என்று தெரியாது.

இன்னோர் எல்லையைச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழகத்தில் சில இடங்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் எழுப்பிப் பிரித்திருக்கிறார்கள். ஒரே திருமுழுக்குத் தொட்டியில் நனைந்தவர்கள், ஒரே அப்பத்தை உண்டவர்கள், மண்ணுக்குள் போனபின்னும் பிரிந்து கிடக்க வேண்டுமா? யூதருக்கும் பிற இனத்தாருக்கும் இடையே நின்ற பகைச்சுவரைக் கிறிஸ்து தம் உடலிலேயே தகர்த்தார் என்று புனித பவுல் எபேசு சபைக்கு எழுதினார். அவர் இடித்ததை நாம் செங்கல் வைத்துத் திரும்பக் கட்டுகிறோம்.

நம் ஆண்டவர் எல்லைகளை எப்படிப் பார்த்தார்? கப்பர்நாகும் ஏரிக்கரையில் இருந்த எல்லைப்புற ஊர். ஏரோது அந்திப்பாவின் ஆட்சிப் பகுதியும் அவருடைய சகோதரர் பிலிப்பின் ஆட்சிப் பகுதியும் அதன் அருகே சந்தித்தன. அதனால்தான் அங்கே சுங்கச்சாவடி இருந்தது. அந்தச் சாவடியில் அமர்ந்திருந்த மத்தேயுவை இயேசு அழைத்தார். அவர் எழுந்து பின்சென்றார். ஊரார் வெறுத்து ஒதுக்கிய ஒருவர் திருத்தூதராகவும் நற்செய்தியாளராகவும் ஆனார். தீர், சீதோன் எல்லையில் கானானியப் பெண்ணின் நம்பிக்கையை இயேசு பாராட்டினார். சமாரியாவைக் கடந்து போகையில் கிணற்றருகே ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். எல்லைகள் அவருக்குச் சந்திக்கும் இடங்களாக இருந்தன.

குலோத்துங்கரின் படை தீயிட்ட கோட்டாறு இன்று நமக்கு எதற்காகத் தெரியும்? புனித சவேரியார் பேராலயத்துக்காகத் தெரியும். அவருடைய படை கடந்துசென்ற ஆரல்வாய்மொழிக் கணவாய் எதற்காகத் தெரியும்? 1752ஆம் ஆண்டு சனவரி 14 அன்று அங்குள்ள காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்த மறைசாட்சி தேவசகாயத்துக்காகத் தெரியும். 2022ஆம் ஆண்டு மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகிய அந்த மனிதரின் கல்லறை கோட்டாற்றுப் பேராலயத்தில் இருக்கிறது. நிலைப்படை நின்ற ஊரில் படை இல்லை. யாரையும் விலக்காமல் வாழ்ந்தவர் இன்றும் அங்கே இருக்கிறார். மக்கள் நாடி வருகிறார்கள்.

இந்த வாரம் நம் அன்பியக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். நாம் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டு விட்டுக்கொடுக்க வேண்டிய எல்லை எது? யாருடைய வழியில் நாம் போட்டிருக்கும் எந்தச் சுங்கத்தை நீக்க வேண்டும்? விடை கிடைத்தால், தள்ளிப்போடாமல் அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு முன் அதைச் செய்துவிடுவோம். பகைச்சுவரைத் தகர்த்த ஆண்டவர் அதற்கான மனவலிமையை நம் எல்லாருக்கும் அருள்வாராக.